முரளிக்கு ஒரு வாக்குமூலம்

அன்புள்ள முரளி,

இங்கே நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக சேகர் சொன்னான். விசாரித்ததாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டி, அந்த 'வெஸ்ஸெக்ஸ் டேல்ஸ்' சிறுகதைத் தொகுப்பு, என்னிடம்தான் இருக்கிறது. 11 வருஷமாக! சேகர்தான் சுட்டுவிட்டான் என்று நீ அவனோடு ஒரு தீபாவளி முழுக்கப் பேசாமல் இருந்தாயே, அப்போது பக்கத்தில் உட்கார்ந்து "சே, இப்படியும் ஒருத்தனா" என்று உச்சுக்கொட்டியவன் நான். போன வாரம் வீடு மாற்றும்போது அட்டைப்பெட்டியிலிருந்து விழுந்தது. சத்தியமாக மறந்துபோயிருந்தேன்.

திட்டு, ஆனால் இதைக் கேட்டுவிட்டுத் திட்டு. அனுப்புமுன் ஒரு கதை படிப்போமே என்று 'தி விதர்ட் ஆர்ம்' எடுத்தேன். இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று. பால்காரி ரோடாவுக்குப் பிள்ளையைக் கொடுத்த பண்ணைக்காரன் லாட்ஜ், வேறொரு சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். ரோடாவின் கனவில் அந்தப் பெண் நெஞ்சின்மேல் ஏறி அமுக்குகிறாள். நம் அமுக்கான் பேய்தான், இங்கிலாந்தின் டார்செட்டிலும் இருந்திருக்கிறது! ரோடா கையைப் பிடித்துத் தள்ளுகிறாள். நிஜத்தில் அந்தப் பெண்ணின் கை சூம்ப ஆரம்பிக்கிறது. தூக்கில் செத்தவனின் கழுத்தை உடம்பு ஆறுவதற்குள் தொட்டால் சரியாகும் என்கிறான் மந்திரவாதி. புருஷனுக்குத் தெரியாமல் ஜெயிலுக்குப் போய்த் தொடுகிறாள். பின்னால் அலறல். தூக்கிலிடப்பட்ட தன் பையனின் உடலை வாங்க வந்த ரோடா நிற்கிறாள், கூடவே லாட்ஜ். பையன் செய்த குற்றம், வைக்கோல் போர் எரிந்தபோது அங்கே நின்றது.

உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத அப்பன், பிணம் வாங்க வருகிறான் பார். அங்கேதான் எனக்கு உடைந்தது.

1856-இல் டார்செஸ்டரில் மார்த்தா பிரவுன் என்ற பெண்ணைப் பொது இடத்தில் தூக்கிலிட்டபோது கூட்டத்தில் ஹார்டியும் நின்றாராம். வயது 16. கிழவரான பிறகும் அதை எழுதியிருக்கிறார். 'தி த்ரீ ஸ்ட்ரேஞ்சர்ஸ்' கதையில் தூக்குப்போடுகிறவனும் தப்பி வந்த கைதியும் ஒரே கணப்படுப்பில் உட்கார்ந்து குடிக்கும்போது முதலில் சிரித்தேன். இது தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கடைசிக் கதை ஞாபகமிருக்கிறதா, சாராயம் கடத்துகிற லிஸ்ஸி? பாதிரியாரைக் கட்டிக்கொண்டு திருந்திவிடுகிறாளே, நீகூட "உப்புச்சப்பில்லாத முடிவு" என்று எகிறினாய். 1879-இல் பத்திரிகைக்காக அப்படி முடித்தாராம். 1912-இல் ஒரு குறிப்புப் போட்டு ஒப்புக்கொண்டார்: அவள் உண்மையில் கடத்தல்காரனையே கட்டிக்கொண்டு அமெரிக்கா போய்விட்டாள் என்று. அவருக்கே 33 வருஷம் ஆகியிருக்கிறது. நான் 11-இல் ஒப்புக்கொண்டுவிட்டேன், கவனி.

சேகரிடம் யார் சொல்வது? அதுதான் ஒரு வாரமாக உறுத்துகிறது. அவனுக்கு போன் போட்டேன், அம்மா கண்ணைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீ சொன்னால் லேசாக எடுத்துக்கொள்வான். இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். சொல்லவா?

புத்தகம் கூரியரில் வருகிறது. அட்டையில் இருக்கும் டீக்கறை மட்டும் என்னுடையதில்லை, நீ கொடுக்கும்போதே இருந்தது.

உன்,
குமார்