அந்த சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு வா

அன்பு மகனுக்கு,

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அம்மா எழுதுவது. நீ அனுப்பின இரண்டு படமும் வந்தது. ஒன்று, ஏற்காட்டு மண்டபத்தில் நடக்கப்போகிற பாப்பாவின் மூன்றாவது பிறந்தநாளுக்கென்று கட்டில் மேல் பரப்பி வைத்திருக்கிற சாமான். இன்னொன்று, டிக்கெட். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்கப் படித்துவிடு கண்ணு.

முதலில் அந்த ஹீலியம் சிலிண்டர். அதைக் கொண்டு வராதே. 30 பலூன் ஊதலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது, வாங்கினது வாங்கினதுதான், இருந்தாலும் அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. கைப்பையிலும் கூடாது, கீழே போடுகிற பெட்டியிலும் கூடாது. ஹீலியம் தீப்பிடிக்காதே என்று நீ கேட்பாய். தீப்பிடிக்காதுதான். ஆனால் உள்ளே அழுத்தி அடைத்த வாயு. சூடு பட்டாலோ வால்வு உடைந்தாலோ அந்த இரும்பே குண்டு மாதிரி பாயும். துளியூண்டுதான் மிச்சம், காலியாகிவிட்டது என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வால்வு மூடியிருக்கிற சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியைத் தனியே எடுத்து வைத்து உன்னைக் கூப்பிடுவார்கள். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நீ ஒருத்தன் அங்கும் இங்கும் ஓட முடியாது.

டிக்கெட் படத்தில் உன் பேரும் பாப்பா பேரும்தான் தெரிகிறது. கீழே வெட்டுப்பட்டிருக்கும் என்று அப்பா சொல்கிறார். இருக்கும்.

ஹீலியம் இல்லாமலே எல்லாம் ஆகும். பாப்பா பேர் போட்ட எழுத்துப் பலூன் 16 அங்குலம் என்று பாக்கெட்டில் தெரிகிறது. அந்த அளவு எழுத்து ஹீலியம் அடைத்தாலும் மேலே போகாது, காற்றடித்து மாட்டத்தான் செய்திருக்கிறார்கள். கணக்கு சுலபம்: ஒரு லிட்டர் ஹீலியம் கிட்டத்தட்ட ஒரு கிராம்தான் தூக்கும். அந்த எழுத்துக்குள் பிடிக்கிற வாயு அந்தத் தாளின் எடையைத் தூக்கவே போதாது. ஏற்காட்டில் காற்றே லேசு என்பதால் தூக்கும் சக்தி இன்னும் கொஞ்சம் குறையும். பெரிய '3' இருக்கிறதே, அதைக் காற்றடித்து மீன் பிடிக்கிற நைலான் நரம்பில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டால் போதும். பார்ப்பவர்களுக்கு மிதப்பது போலத்தான் தெரியும்.

இங்கே தெருவில் கேஸ் பலூன் விற்கிறார்களே, அதை வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. காஸ்டிக் சோடாவிலும் அலுமினியத் துண்டிலும் அவர்களே தயார் பண்ணுவது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும், 75 பங்கு வரை பற்றும். கேக் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது.

ஊதாத பலூன் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வா, கைப்பையிலும் தடை இல்லை. 12 அங்குல ரப்பர் பலூன் ஒன்று 3 கிராம் வரும், நூறு சேர்ந்தால் 300 கிராம்தான். பாக்கெட்டைப் பிரிக்காதே. ஒட்டாமல் இருக்க உள்ளே பவுடர் தூவியிருப்பார்கள். பிரித்து வேறு கவரில் கொட்டி வைத்தால், வெள்ளைப் பொடி என்ன என்று கேள்வி வரும். ஒரு இருட்டுக் கவரில் போட்டு துணிகளுக்கு நடுவில் வை. வெயிலும் சூடும் பட்ட ரப்பர் ஊதும்போதே பொட்டுப்பொட்டென்று போகும்.

வழியிலேயே பாப்பாவுக்கு ஒன்று ஊதிக் கொடுத்துவிடாதே, அவள் கேட்டு அழுதாலும் சரி. விமானம் மேலே போனால் உள்ளே இருக்கிற காற்றழுத்தம் 8,000 அடி மலை மேல் இருக்கிற அளவுக்கு இறங்கும். தரையில் ஊதின காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். ரப்பர் பலூன் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். பளபளவென்ற தாளில் செய்த ஃபாயில் பலூன் இழுக்காது, தையல் விட்டு வெடிக்கும். இருக்கைகளுக்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்டால் எத்தனை பேர் பதறுவார்கள் என்று யோசி. அதோடு ஊதின பலூனில் எந்த வாயு என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் ஏற்ற மறுத்தாலும் நாம் கேட்க முடியாது. மலைக்குப் போகும்போது அடிவாரத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேலே போவதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும், அதை மடியில் வைத்துக்கொண்டுதானே நீ வளைவு எண்ணுவாய். ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. விமானத்துக்குள் அதற்கும் மேலே.

அதே கணக்குதான் பலூன் மாலை கட்டுவதற்கும். சேலத்தில் ஊதி வண்டியில் ஏற்றக்கூடாது. கீழே முழுசாக ஊதினது மேலே போனால் பத்துக்கு ஒரு பங்காவது பெருக்கும். மலைக் குளிர் கொஞ்சம் சுருக்கத்தான் செய்யும், இருந்தாலும் அழுத்தம் குறைவதுதான் ஜெயிக்கும். அங்கே மண்டபத்தில் வைத்தே ஊதிக்கொள்ளலாம். 12 அங்குல பலூனை 10 அங்குலத்தில் நிறுத்த வேண்டும். அட்டைப் பெட்டியில் 10 அங்குலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, ஒவ்வொன்றையும் அதில் விட்டுப் பார். காம்பு பக்கம் கழுத்து நீண்டு பேரிக்காய் மாதிரி ஆனால் காற்று ஜாஸ்தி என்று அர்த்தம். உருண்டையாக இருப்பதுதான் மறுநாள் வரை நிற்கும். பத்தடி மாலைக்கு 12 அங்குலம் 60, 5 அங்குலம் 50, 18 அங்குலம் ஒரு எட்டு போதும். நம் கடையில் இருப்பு இருக்கிறது. நீ கொண்டு வரும் ரோஸ் நிறம் மட்டும் இங்கே கிடைப்பதில்லை, அதை மறக்காதே.

பம்பு விஷயம். கையால் அடிக்கிற பிளாஸ்டிக் பம்பு பெட்டியில் வரட்டும். பிளக் குத்துகிற மின்சார பம்பு வேண்டாம், கடையில் இரண்டு இருக்கிறது, அந்த ஊர் பிளக் இங்கே சேரவும் சேராது. சார்ஜ் ஏற்றுகிற குட்டி பம்பு என்றால் உள்ளே லித்தியம் பேட்டரி, அதைக் கையோடு வைத்துக்கொள். பவர் பேங்க் கண்டிப்பாகக் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் திறக்கச் சொல்வார்கள். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை. நீ வைத்திருக்கிற 20,000 எண் போட்டது 74 வாட்-மணிதான் வரும், பயப்படாதே. விளக்கு எரியும் பலூனில் பட்டன் பேட்டரி இருக்கும். பாப்பா கைக்கு எட்டக் கூடாது. அதை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே தொண்டைக்குள் புண்ணாக்கிவிடும்.

படத்தில் ஓரமாக ஒரு நீள டப்பா இருந்ததே, திருகினால் காகிதம் தூவுகிற பாப்பர், அதையும் பெட்டியில் போடாமல் வெளியே எடுத்து வைத்துவிடு. சிலதில் வெடிமருந்து இருக்கும், சிலதில் அழுத்தின காற்று. இரண்டுமே கூடாது. ஸ்னோ ஸ்பிரே கூடாது. கேக் மேல் பூ மாதிரி எரிகிற அந்தக் குச்சியும் கூடாது, அது பட்டாசுதான். பலூனுக்குப் பளபளப்பு தருகிற ஸ்பிரேயும் வேண்டாம். மெழுகுவர்த்தி வரலாம், தீப்பெட்டியும் லைட்டரும் வேண்டாம். கத்தரிக்கோல், குண்டூசி எல்லாம் கீழே போடுகிற பெட்டியில் போய்விடட்டும்.

நீச்சல் வளையமும் காற்று மெத்தையும் கொண்டு வருகிறாய் என்று தெரிகிறது. காற்றை முழுக்க எடுத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து, வால்வைத் திறந்தபடியே மடித்து வை. மூடி வைத்தால் உள்ளே மிச்சமிருக்கும் காற்று மேலே போய்ப் பெருக்கும், ஒட்டின இடம் பிரியும். வளையத்தோடு ஒட்டுப்போட ஒரு குட்டி டியூப் பசை கொடுத்திருப்பார்கள், அது தீப்பற்றுகிற ரப்பர் பசை, அதை எடுத்துவிட்டுத் தானே ஒட்டிக்கொள்கிற துண்டை மட்டும் வை. படகில் போக பாப்பாவுக்கு உயிர்காப்பு ஜாக்கெட் வாங்கினால் நுரை வைத்ததாக வாங்கு. இழுத்தால் தானே ஊதிக்கொள்ளும் ஜாக்கெட்டில் குட்டி கேஸ் குப்பி இருக்கும். ஜாக்கெட்டில் இரண்டு, உபரியாக இரண்டு வரை கொண்டு போகலாம், ஆனால் அதற்கும் விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குழந்தைக்கு எதற்கு அந்த வம்பு? கழுத்துத் தலையணை ஊதினால் முக்கால் பங்கோடு நிறுத்து, மேலே போனதும் தானாக நிரம்பும். இறங்கும்போது தளர்ந்தால் அதற்காகத் திரும்ப ஊதாதே.

திரும்பவும் சொல்கிறேன், சிலிண்டர் வேண்டாம்.

ஃபாயில் பலூனைத் திரும்ப எடுத்துப் போக வேண்டுமென்றால் கத்தியால் கீறிவிடாதே. வாலில் இரண்டு மெல்லிய தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கதவு மாதிரி மூடும். அதற்குள் உறிஞ்சுகுழலை மூன்று நான்கு அங்குலம் மெதுவாக நுழை. காற்று முகத்தில் அடிக்கும். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டு வா. பழைய மடிப்பிலேயே மடிக்காதே, மடித்த கோட்டில்தான் ஊசிமுனை ஓட்டை விழும். அடுத்த வருஷத்துக்கு வெறும் எண்ணை மட்டும் மாற்றினால் போதும், எழுத்து அப்படியே இருக்கும்.

போன வருஷம் '2' பலூனைச் சுருட்டி வைத்தது மருமகள்தான். பச்சைப் பெட்டியில் இன்னமும் இருக்கிறது, நேற்றுதான் எடுத்துப் பார்த்தேன். ஒரு மடிப்பு கூட விழவில்லை.

கண்ணு, அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவள் கட்டின மாலையை நான் காலையில் எல்லார் முன்னாலும் அவிழ்த்தேன். காற்று ஜாஸ்தி, பேரிக்காய் மாதிரி இருக்கிறது, மதியம் வரை தாங்காது என்று சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. குண்டூசி எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தினேன். உங்க பெரியம்மா சிரித்தாள். மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேலை தெரிந்தவள் என்ற திமிரில் செய்தேன். இருபது வருஷமாக ஊர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவளுக்கு, தன் வீட்டுப் பெண் கட்டினதைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அது என் தப்பு. அதன் பிறகு அவள் போனில் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பிழை என் பக்கம்தான் என்று அவளிடம் சொல்லு. இல்லை, இந்தக் கடிதத்தையே அவளிடம் காட்டு.

மாலையை இந்தத் தடவை அவளே கட்டட்டும். எத்தனை பேரிக்காய் இருந்தாலும் நான் தொடமாட்டேன். நூல் அறுத்துக் கொடுக்கிறேன், ஏணி பிடிக்கிறேன்.

மறந்துவிட்டேன், உடைந்த பலூன் துண்டு தரையில் கிடந்தால் உடனே பொறுக்கிவிட வேண்டும். 8 வயது வரை பிள்ளைகளுக்கு அது ஆபத்து, வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும். ஊதாத பலூனும் அப்படித்தான். விசேஷத்துக்கு நடுவில் யாரும் கவனிக்க மாட்டார்கள், நான் முறத்தோடு நிற்கிறேன்.

சென்னையிலிருந்து நம் சேலம் விமான நிலையம் இருக்கிற கமலாபுரம் வரும் விமானம் சின்னது, தலைக்கு மேல் பெட்டி வைக்கிற இடமும் சின்னது. கைப்பையை ஒன்றாக, மெத்தென்று மடங்குகிற பையாகக் கட்டு. மாம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். பாப்பாவுக்குத் தட்டுவடை செட் காரம் குறைத்துப் போடச் சொல்லி கடையில் சொல்லியாயிற்று. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

விமானம் இறங்குகிற ஓமலூர் பக்கமிருந்து நேராக மலைக்கே வர வண்டி பேசியிருக்கிறேன். சின்ன வண்டியா பெரிய வண்டியா என்று வண்டிக்காரர் கேட்டார். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாததால் பெரியதே சொல்லிவிட்டேன். முன் சீட்டைக் காலியாக வைக்கவும் சொல்லியிருக்கிறேன். பின்னால் உட்கார்ந்தால் இருபது வளைவும் அவளுக்கு ஆகாது, எலுமிச்சம்பழம் இரண்டு அந்த சீட்டிலேயே வைத்து அனுப்புகிறேன்.

அம்மா