படலை திறந்து உள்ளே வருபவர் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காபறோவில் முதியோர் சங்கமொன்றில் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்துவருபவள் என்ற முறையில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையை எங்கள் பெண்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவது குறித்து எழுதுகிறேன்.

சென்ற மாரிகாலத்தில் எங்கள் சங்கத்து அக்கா ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். வயது 62. சாமியறையில் விபூதித் தட்டின் கீழே, பரிசோதனைக்கு வரும்படி அழைத்த கடிதம் நான்காக மடித்தபடி கிடந்தது. கனடாவுக்கு வந்து முப்பது ஆண்டுகளாகியும் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆங்கிலம் புரியாததே காரணம் என்று நினைத்தேன், அதுவல்ல. அவருடைய குடும்ப மருத்துவர் தமிழர், காலஞ்சென்ற கணவரின் ஊரவர், கோயில் திருவிழாவில் எதிர்ப்படுபவர். "அவரிட்டை எப்பிடிப் பிள்ளை போறது?" என்று நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். தமிழ் பேசும் மருத்துவர் கிடைத்தால் போதும் என்று எண்ணுவோர், மொழி இலகுவாகும் அதே இடத்தில் கூச்சம் இரண்டு மடங்காவதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகளாகிவிட்டதால் தனக்கு இது இனித் தேவையில்லை என்றும் அவர் நம்பியிருந்தார். ஏறக்குறைய எல்லாக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களுக்கும் காரணமான எச்பிவி வைரஸ் மிகச் சாதாரணமாகத் தொற்றுவது. வாழ்நாளில் ஒரேயொரு துணையுடன் வாழ்ந்தவருக்கும் வரக்கூடியது. அறிகுறி எதுவுமின்றிப் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கக்கூடியது. ஆகவே பரிசோதனைக்குப் போவது யாருடைய ஒழுக்கத்தின் மீதும் விழும் ஐயமன்று. இதைப் பெண்களிடம் மட்டுமல்லாமல், அவர்களைக் காரில் ஏற்றிச் செல்லும் கணவன்மாரிடமும் மகன்மாரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்ராறியோவில் 2025 மார்ச் முதல் கருப்பைக் கழுத்தின் செல்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் பழைய பாப் பரிசோதனைக்குப் பதிலாக, அந்த வைரஸ் உள்ளதா என்று பார்க்கும் எச்பிவி பரிசோதனையே நடைமுறையில் உள்ளது. 25 வயதிலிருந்து தொடங்கி, வைரஸ் இல்லையென்றால் பெரும்பாலானோர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொண்டால் போதும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 முதல் பெண்கள் தபாலில் பரிசோதனைப் பொதியை வரவழைத்துத் தாங்களே மாதிரி எடுத்து அனுப்புகிறார்கள். கூச்சமுள்ள எங்கள் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை என்பது என் கருத்து.

இலங்கையில், இத்தகைய பரிசோதனை செய்யும் பெண்கள் நலச் சிகிச்சை நிலையங்கள் தொடங்கப்பட்டது 1996இல். எங்கள் தலைமுறையினர் பலர் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டோம். நோயில்லாதபோது பரிசோதனைக்குப் போகும் பழக்கம் எங்களிடம் இல்லாததில் வியப்பில்லை. ஆனால் குடும்பநல உத்தியோகத்தரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். படலையைத் திறந்து உள்ளே வந்து, குழந்தையின் நிறை பார்த்து, தாயிடம் கேட்க வேண்டியதை ஆண்கள் இல்லாத வேளை பார்த்துக் கேட்டுவிட்டுப் போவார். இங்கே நடத்தப்படும் விழிப்புணர்வு முயற்சிகளுக்குத் தேவையானவர் அவரைப் போன்ற ஒருவரே. மண்டபத்தில் ஒலிவாங்கி வைத்துப் பேசினால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கோயில் மடைப்பள்ளியில் காய்கறி நறுக்கும்போதும், பேரப்பிள்ளைகளின் நடன வகுப்பு முடியக் காத்திருக்கும்போதும் அருகில் வந்து அமர்ந்து பேசும் பெண்களைப் பயிற்றுவித்து, அவர்களுக்கு ஊதியமும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அந்த அக்காவுக்காக நானே தொலைபேசியில் அழைத்து, பெண் தாதி இருக்கும் நிலையமொன்றில் நாள் குறித்து, கூடவே போனேன். சில நிமிடங்களில் வெளியே வந்தவர், "இதுக்கோ இவ்வளவு காலமும் பயந்து கிடந்தனான்?" என்றார்; அடுத்த கிழமையே தன் மச்சாளுக்கும் நாள் குறிக்கச் சொன்னார்.

எங்கள் வீடுகளில் தங்கள் பத்திரிகையை எடுத்ததும் முதலில் திறப்பது மரண அறிவித்தல் பக்கத்தையே. அதே பக்கத்தில் சிறிய கட்டமொன்றில், பரிசோதனைக்கு உரிய வயதையும், சுகாதார அட்டை உள்ளவருக்குக் கட்டணமில்லை என்பதையும், பெண் மருத்துவரோ தாதியோ வேண்டுமெனக் கேட்கலாம் என்பதையும் பெரிய எழுத்தில் இதழ்தோறும் வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஸ்காபறோ, ஒன்ராறியோ