மாத்திரை பலிக்காமல் போனது நோயாளியின் தப்பு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹார்மோன் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லியிருந்தது சரிதான், உடம்பு தகிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஒரு நாள்கூட விடாமல் போட்டும் நோய் மறுபடி வளர்ந்தால்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் அக்காவுக்கு நடந்தது அதுதான். கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. மூன்று வருடம் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை நன்றாக வேலை செய்தது, அப்புறம் ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள். சொந்தக்காரர்கள் எல்லாரும் "மாத்திரையை மறந்திருப்பே, பத்தியம் இருந்திருக்க மாட்டே" என்றார்கள். அவள் அழுததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மார்பகப் புற்றுநோயில் 100-க்கு சுமார் 70 ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிற வகை. லெட்ரோசோல், மாதவிடாய் நின்றவர்களின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அந்தப் பட்டினியில் பல மாதம், பல வருடம் கிடக்கும் புற்றணுக்களில் சிலவற்றில் இஎஸ்ஆர்1 என்ற மரபணு மாறிவிடுகிறது, அதனால் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டாமலே, அது ஒட்டுவதற்கென்று அணுவில் இருக்கும் ஏற்பி தானாக 'வளர், வளர்' என்று உத்தரவு கொடுத்துக்கொண்டே இருக்கும். இதில் பத்தியம் எங்கே வந்தது? சிலருக்கு பிக்3சிஏ மரபணுவில் மாற்றம், சிலருக்கு ஏற்பியே காணாமல் போய்விடும். காரணம் வேறானால் மருந்தும் வேறு.

அதனால்தான் பரிசோதனை முக்கியம். முதலில் பார்த்த இடத்தில் எதையும் சோதிக்காமல் நேராகக் கீமோ என்றார்கள். கீமோ தேவைப்படுகிறவர்கள் உண்டு, கல்லீரல் வேகமாகக் கெட்டுக்கொண்டிருந்தால் காத்திருக்க முடியாது. அக்காவுக்கு அந்த அவசரம் இல்லை. இன்னொரு டாக்டர் கல்லீரலில் பயாப்ஸி (சோதிக்கச் சின்னச் சதைத் துணுக்கு) எடுத்து, ரத்தத்திலும் மரபணுச் சோதனை செய்தார், இஎஸ்ஆர்1 மாற்றம் என்று வந்தது. இப்போது மாதாமாதம் இடுப்பின் இரண்டு பக்கமும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி, ஏற்பியையே அழிக்கிற மருந்து அது. இதே மாற்றத்துக்கென்று எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இங்கே சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலைக்கு அது வர வேண்டும்.

நோய் திரும்பியவர்கள் டாக்டரிடம் என்னென்ன சோதனை கேட்க வேண்டும் என்று ஒரு புற்றுநோய் மருத்துவரிடமே கேட்டு அடுத்த இதழில் எழுதுங்கள். அக்காவும் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி