மிளகாய்த் தோட்டத்துக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வடக்கில் போர்க்கால இழப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். அதில் கணக்கு 1983இல் தொடங்குகிறது. நான் தோட்டக்காரன், எனக்குக் கணக்கு 1977இல் தொடங்குகிறது.

அதற்கு முன், பிரதமர் சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. நாடு பாணுக்குக் கியூவில் நின்ற காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் செத்தல் மிளகாய் காசாக விளைந்ததும் அப்போதுதான். எங்கள் கல்வீடு அந்த மிளகாயில் எழும்பியது. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டார். கொழும்பில் சாமான் மலிந்தது, எங்கள் விலை விழுந்தது. பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலால் படிப்பு வழி ஏற்கெனவே குறுகியிருந்த வீடுகளில் தோட்டமும் கைவிட்டது. பெடியள் ஆயுத இயக்கங்களுக்குப் போனதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் 83 இனக்கலவரத்தையும் பார்த்தவர்கள் அவர்கள். என்றாலும் வேலையில்லாமல் மதகில் குந்தியிருந்த பெடியனை யார் வந்து கூப்பிட்டாலும் போயிருப்பான். கட்டுரையாளர் இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

1990இல் அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையை ஒரே வரியில் முடித்துவிட்டார். யூரியா வெடிமருந்தாகிவிடும் என்று தடை. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடை. மண்ணெண்ணெய் யானை விலை, மோட்டார் சைக்கிளும் அதில்தான் ஓடியது. பம்புக்கு ஊற்ற வழியில்லாமல் கிணற்றில் இறைக்கும் அப்பு காலத்துத் துலாவைத் திரும்ப நட்டோம். சரி, தண்ணீர் இறைத்து விளைவித்தாலும் கொழும்புக்கு எப்படி அனுப்புவது? 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் திரும்பியது 2014இல். வெங்காயம் இங்கே அழுகியது. சவர்க்காரத்தையும் மண்ணெண்ணெயையும் கடத்தி விற்றவர்கள் மாடி கட்டினார்கள். 2002இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபோதும் சாமான் லொறிகள் புலிகளுக்கு வரி கட்டித்தான் வந்தன. அந்த வரியையும் வாங்குகிறவன் தலையில்தான் கட்டினார்கள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990இல் நின்றதை மட்டும் கட்டுரை சரியாகச் சொல்கிறது. ஆனால் அந்தப் பக்கத்துத் தோட்டக் காணிகள் எங்கே? பலாலியைச் சுற்றிய செம்மண் இராணுவத்திடமிருந்து இன்னும் முழுதாக விடுபடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பயிரே வைக்காத ஒரு பரப்புக் காணியின் இழப்பை எப்படிக் கணக்கிட்டார் என்று கட்டுரையாளரிடம் கேட்டு அடுத்த இதழில் போட முடியுமா?

வாசகன்,
புன்னாலைக்கட்டுவன்