தம்பிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பி,

ஃபோன் செய்தால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வித்யா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் போய்க் கேட்காதே.

மாசியில் நீ விழுந்து தலையில் அடிபட்டபோது ஸ்கேன் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு போயிற்று என்று நீ நினைக்கிறாய். பாதி ஆயுசை நியூரோ வார்டில் கழித்தவள் சொல்கிறேன், கேள். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கே இல்லாமல் நெருக்கி ஒட்டியிருக்கும். கண்டதும் உள்ளே போக முடியாது. 1885-லேயே பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மிருகங்களின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை பிடிக்கவில்லை. தலையில் அடிபட்டால் அந்த ஒட்டு விட்டுப்போகலாம். அப்போது ரத்தத்தில் இருக்கவேண்டிய ஆல்புமின் என்ற புரதம் மூளைக்குள் கசியும், நீரும் கூடவே இறங்கி வீங்கும். சில மணி நேரத்தில் ஆரம்பிப்பது, அடங்கின மாதிரி இருந்து சில நாள் கழித்து மறுபடி வரலாம். சிலருக்கு வருஷக்கணக்கில் கசிந்திருக்கிறது. சாதாரண சி.டி. ஸ்கேனில் இது தெரியாது. ஆல்புமின் கசிந்த இடத்தில் பின்னால் வலிப்பு கிளம்புவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பயமுறுத்தவில்லை. ரிவ்யூவுக்குப் போ என்கிறேன், அவ்வளவுதான்.

நீ டீம் லீடர் ஆனதை அப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்காக ராத்திரியெல்லாம் கண் விழிக்கணுமா? சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்டதில்லை நீ.

வார்டில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார், கொஞ்ச நேரம் கழித்து "யார் சிஸ்டர் கொட்டினது?" என்று என்னையே கேட்பார். அவர் மனைவி குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பாள். அடிபட்ட தலைக்குக் கோபம் வரும், தம்பி. அது குணமில்லை. வைத்தியம் பார்க்கிற விஷயம்.

பைக்கை இப்போதைக்குத் தொடாதே. முதல் அடி ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் தாங்காது. ஹெல்மெட் போட்டாலும் வேண்டாம். குடிக்கவும் வேண்டாம். ரிவ்யூவுக்குப் போ. வித்யாவையும் கூட்டிக்கொண்டு போ. நீ டாக்டரிடம் சொல்லாமல் விடுவதை அவள் சொல்வாள். என்றைக்குப் போகிறாய் என்று மட்டும் ஒரு வரி போடு.

அம்மா