மனுவுக்கு முன்னால் கணக்கைக் கொடுங்கள்: சேலம் தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, கைத்தறிச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், ஏற்காடு காபி விவசாயிகள் சங்கப் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் ஒரு சங்கம் மத்திய அமைச்சர் ஒருவரிடம் கொடுத்த மனுவின் நகல் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. இரண்டு பக்கம், 16 கோரிக்கைகள். பொன்னாடை போர்த்தி, வெள்ளி வீரவாள் கொடுத்து, போட்டோவும் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் 16 கோரிக்கைகளில் ஒன்றில்கூட ஒரு எண் இல்லை. பல்லாயிரம் குடும்பங்கள் பாதிக்கப்பட்டுள்ளன, தொழில் நசிந்துவிட்டது, ஆவன செய்ய வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. எத்தனை குடும்பங்கள், எந்த ஆண்டிலிருந்து, எதனால், எவ்வளவு என்று கேட்டால் மனுவில் பதில் இல்லை. நசிவு உண்மை. அது உண்மை என்பதால்தான் எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், அது எந்த மேசையில் நிற்கிறது என்று பின்தொடர்வதும் எங்கள் வேலை. பல ஆண்டுகளாக உங்களிடம் நேரில் கேட்டுவந்ததை இப்போது எழுத்தில் கேட்கிறோம்: மனுவுக்கு முன்னால் கணக்கைக் கொடுங்கள்.

இது எங்கள் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். பட்ஜெட்டுக்கு முன் மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை தொழில் அமைப்புகளிடம் யோசனை கேட்டு ஆண்டுதோறும் கடிதம் வெளியிடுகிறது. வழக்கமாக அக்டோபர், நவம்பரில் வரும். உற்பத்தி, விலை, கேட்கும் மாற்றத்தால் அரசு வருவாயில் ஏற்படும் விளைவு ஆகிய புள்ளிவிவரங்களை யோசனையோடு இணைக்கச் சொல்கிறது அந்தக் கடிதம். மூலப்பொருளுக்கு வரி கூடுதல், செய்த பொருளுக்கு வரி குறைவு என்று முறையிட்டால், ஒவ்வொரு கட்டத்திலும் கூடும் மதிப்பைக் காட்ட வேண்டும் என்கிறது. தெளிவான விளக்கமும் ஆதாரமும் இல்லாத யோசனைகளைப் பரிசீலிக்க இயலாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி பற்றிய கோரிக்கைகள் பட்ஜெட்டில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பதும் அதில் உண்டு. உங்கள் 16 கோரிக்கைகளில் ஒன்பது ஜிஎஸ்டி பற்றியவை.

அவை போக வேண்டிய வழி வேறு. ஜிஎஸ்டி கவுன்சிலில் வாக்கு மதிப்பு மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். கவுன்சிலுக்குப் போகும் முன்னரே அதிகாரிகள் குழுக்கள் விஷயத்தை அலசிவிடுகின்றன. வரி விகிதம் என்றால் ஃபிட்மென்ட் கமிட்டி. பதிவு வரம்பு, ரிட்டர்ன், நடைமுறை என்றால் லா கமிட்டி. இரண்டிலும் மாநில அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆகவே சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் வணிகவரி ஆணையரகத்துக்குப் போகாத மனு பாதி வழியைத் தவறவிட்ட மனு. விகிதத்தையும் வரம்பையும் ஒரே தாளில் கலந்து எழுதினால் யார் மேசைக்கு அனுப்புவது என்பதே சிக்கலாகி, தாள் கோப்பில் தங்கிவிடும்.

கொலுசையே எடுத்துக்கொள்வோம். கொலுசுக்கு ஜிஎஸ்டி 3%, செய்கூலிக்கு 5%. கூலிக்கு 5% போடுவதால் தொழில் அழிகிறது என்று எல்லா மனுவிலும் எழுதுகிறீர்கள். படிக்கிற அதிகாரி ஓரத்தில் ‘இன்புட் கிடைக்கும்’ என்று எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார். அவர் எழுதியதும் சரிதான். கிலோவுக்குக் கூலி 3,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அதில் வரி 150 ரூபாய். பதிவு செய்த வியாபாரி அதைத் தன் 3% வரியில் கழித்துக்கொள்வார். இந்தக் கழிவைத்தான் இன்புட் என்கிறார்கள். அந்த 150 ரூபாயைக் கழிக்க முடியாதவர்கள் யார், சேலத்தில் எத்தனை பேர் என்று சொன்னால்தான் அது கோரிக்கை ஆகும்.

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் இன்றைக்கு அடிக்கிற அடி வேறு இடத்தில் இருக்கிறது. அதை ஒரு மனுவும் தொடவில்லை. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்; அதைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். இந்த வரம்பு 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டில் வெள்ளி கிலோ 40,000 ரூபாயை ஒட்டி இருந்தது. சொந்த வெள்ளி போட்டுக் கொலுசு செய்து உள்ளூர் வியாபாரிக்கு விற்கும் பட்டறை, வரம்புக்குள் நின்றுகொண்டே ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கிலோ விற்கலாம். 2025 டிசம்பரில் கிலோ 2 லட்சத்தைத் தாண்டியது. அந்த விலையில் அதே 40 லட்சத்துக்கு 20 கிலோதான். மாதத்துக்கு இரண்டு கிலோகூட இல்லை. புருஷன், பெண்டாட்டி, ஒரு உதவியாள் என்று மூன்று பேர் உட்காரும் பட்டறை அது. ஆள் கூடவில்லை, அடுப்பு கூடவில்லை, கூலி உயரவில்லை. விலை ஏறியதாலேயே சட்டத்தின் கண்ணுக்குப் பெரிய வியாபாரி ஆகிவிட்டார்கள். பதிவு, ரிட்டர்ன், ஆடிட்டர் கட்டணம், தாமதமானால் அபராதம் எல்லாம் பின்னாலேயே வருகின்றன.

சிறு தொழிலுக்கான காம்போசிஷன் திட்டம் இருக்கிறதே, விற்றுமுதலில் 1% கட்டிவிட்டுப் போகலாமே என்று அதிகாரி கேட்பார். அதற்கும் பதிலை மனுவிலேயே வைத்திருக்க வேண்டும். காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. அவர் தரும் பில்லில் இன்புட்டும் எடுக்க முடியாது. சேலம் கொலுசு வடமாநிலங்களுக்குப் போகிற சரக்கு. அனுப்புகிற வியாபாரிக்கு இன்புட் இல்லாத பில் நட்டம். அந்த நட்டத்தை அவர் பட்டறைக்காரருக்குத் தரும் விலையில் குறைப்பார், அல்லது வாங்குவதையே நிறுத்துவார். இதைச் சொல்லத் தெரியாமல் போனால், ‘மாற்று வழி உள்ளது’ என்ற ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள்.

வியாபாரி கொடுக்கும் வெள்ளியில் கூலிக்கு மட்டும் வேலை செய்பவர் கதை வேறு. அவருக்குக் கூலி மட்டுமே வருமானம், வரம்பு 20 லட்சம்; வெள்ளி விலை அவருடைய கணக்கில் ஏறாது. இந்த இரண்டு வகையையும் ஒரே வாக்கியத்தில் ‘வெள்ளித் தொழிலாளர்கள்’ என்று எழுதிவிடுகிறீர்கள். வாதம் அந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இவ்வளவு வலுவான வாதத்தை எழுதி முடிக்க எங்களுக்குத் தேவைப்படுவது ரூபாயில் இல்லாமல் கிலோவில் எழுதிய கணக்கு மட்டுமே. மூன்று ஆண்டுகளில் ஒரு பட்டறைக்கு மாதம் எத்தனை கிலோ வெள்ளி வந்தது, எத்தனை கிலோ கொலுசு போனது என்று காட்டினால் உற்பத்தி அப்படியே இருக்க விற்றுமுதல் மட்டும் ஏறியது வெட்டவெளிச்சமாகும். அந்தக் கணக்கு எந்தச் சங்கத்திடமும் இல்லை. கேட்டால், “அதெல்லாம் உறுப்பினர்கள் கொடுக்க மாட்டாங்க, நீங்க பார்த்து எழுதிக்குங்க” என்கிறீர்கள். பார்த்து எழுதினால் அது பொய்க் கணக்கு. ஒரு தடவை அப்படி ஒரு எண்ணைப் போட்டு, அதிகாரி அதைத் துறையின் பதிவோடு ஒப்பிட்டுவிட்டால், அந்தச் சங்கத்தின் அடுத்த பத்து மனுவையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜவ்வரிசியிலும் இதே குறைதான். மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்று ஆட்சியரிடம் மனு கொடுக்கிறீர்கள். தரத்தை வகுப்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மில்லில் மாதிரி எடுப்பது மாநில உணவுப் பாதுகாப்புத் துறை. இரண்டுக்கும் தனித்தனி மனு வேண்டும், இரண்டோடும் ஆய்வக அறிக்கை வேண்டும். ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-லிருந்து இயங்கும் ஊர் இது; 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. இன்னும் வாய்ச்சொல்லை நம்பி மனு கொடுப்பது நமக்கு அழகா?

எம்.பி.யைப் பார்த்து மனு கொடுப்பதைவிட அவர் கையில் ஒரு நல்ல கேள்வியைக் கொடுப்பது மேல். மக்களவையில் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாய்மொழிப் பதில் பெறும் நட்சத்திரக் கேள்விகள் நாளொன்றுக்கு 20தான். எழுத்துப் பதிலுக்கு 230 வரை இடமுண்டு. கொலுசுத் தொழிலாளர்கள் துயரம் அரசுக்குத் தெரியுமா என்று கேட்டால் வழவழா பதில்தான் வரும். நகைகளுக்கான ஜிஎஸ்டி பொருள் குறியீடான எச்எஸ்என் 7113-இல் சேலம் மாவட்டத்தில் 2019-20 முதல் ஆண்டுவாரியாகப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் விற்றுமுதல் 1 கோடிக்குக் கீழ் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். எண் வந்தால், அது அரசே சொன்ன எண். பிறகு அதை யாரும் மறுக்க முடியாது.

டெல்லியில் ஆள் இருக்கிறார், கொஞ்சம் செலவாகும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிறருக்காக அரசிடம் பேசும் லாபிக்காரர்களைப் பதிவு செய்யும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனாலேயே யார் வேண்டுமானாலும் தன்னை லாபிக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டது என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். நிர்வாகிகள் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பழி முழுவதையும் உங்கள் தலையில் போட எங்களுக்கு மனமில்லை. 2022 ஜனவரியில் காபி சட்ட முன்வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 1942-இன் காபிச் சட்டத்தையே மாற்றும் வரைவு. சேர்வராயன் மலையில் பழம் பறிக்கும் காலம். தோட்டக்காரர் களத்தில் காபியைக் கிளறிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் சட்ட ஆங்கிலத்தில் ஒரு பிடிஎஃப். முதலில் தந்த அவகாசம் மிகக் குறைவு, பிறகுதான் நீட்டினார்கள். சட்ட முன்வரைவுகளை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே கொள்கை வகுத்தது. கொள்கை வகுக்கும்போது தொடர்புடைய தகவல்களை வெளியிட வேண்டும், முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1) பிரிவு சொல்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்கச் சொல்லி 2020 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழில் படிக்கும் உரிமைக்கு ஒரு விவசாயி ஒவ்வொரு தடவையும் நீதிமன்றப் படி ஏற முடியுமா? கருத்துக் கேட்டவர்கள் எந்தக் கருத்தை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதக்கூடாதா? வாடிப்போன முகத்தோடு மனுவுக்குப் பதில் வந்ததா என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் என்ன சொல்வது?

இது உங்களிடம் கொட்ட வேண்டிய கோபம் இல்லை. மன்னியுங்கள். அங்கே கேட்க வேண்டியதை அங்கே கேட்போம். உங்களால் செய்ய முடிந்ததை உங்களிடம் பணிவோடு கேட்கிறோம்.

நவம்பருக்கு முன் 100 பட்டறைகளில் கணக்கெடுங்கள். உறுப்பினர்கள் மட்டும் போதாது; சிறியது, நடுத்தரம், பெரியது எல்லாம் கலந்திருக்கட்டும். இரண்டு பேர் நாளைக்கு எட்டுப் பட்டறை பார்த்தால் 13 நாளில் முடியும். பட்டறைக்கு ஒரு தாள் போதும். மாதவாரியாக வந்த வெள்ளி, போன கொலுசு, சேதாரம் கிராமில். வெள்ளி சொந்தமா, வியாபாரி கொடுத்ததா. கட்டத்துக்குக் கட்டம் கூலி. வேலை இல்லாத மாதங்கள். வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோக்கும் பெண்கள் எத்தனை பேர். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இதுவரை எந்த மனுவிலும் அவர்கள் எண்ணப்படவில்லை. பெயரும் முகவரியும் சங்கத்திலேயே இருக்கட்டும், எங்களுக்கு எண்கள் மட்டும் போதும். பட்டறைக்காரர்கள் அஞ்சுவது வரி நோட்டீசுக்கு. இந்த உறுதியை எழுத்தில் கொடுத்தால் வாய் திறப்பார்கள்.

அதை வைத்து ஒரு பக்க மனு எழுதித் தருகிறோம். ஒரே கோரிக்கை, ஒரே அலுவலகம், சட்டப் பிரிவு எண், அரசுக்கு வருவாய் எவ்வளவு குறையும் என்ற ஒரு பத்தி. அதிகாரி முதலில் கேட்பது அந்தக் கடைசிப் பத்தியைத்தான். மற்ற 15 கோரிக்கைகளும் காத்திருக்கட்டும். ஒவ்வொன்றையும் அததற்குரிய மேசைக்குத் தனியாக அனுப்பலாம். வீரவாளுக்கும் வரவேற்பு விளம்பரத்துக்கும் ஒதுக்கும் பணத்தை இந்த ஒரு தடவை கணக்கெடுப்புக்குக் கொடுங்கள்.

வருகிற செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி ஒவ்வொரு சங்கத்தின் தலைவரையும் செயலாளரையும் கேட்டுக்கொள்கிறோம். தாளின் மாதிரியை நாங்களே அச்சடித்துத் தருகிறோம். கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு அரை நாள் சொல்லிக் கொடுக்கவும் வருகிறோம். தயவுசெய்து, மனுவுக்கு முன்னால் கணக்கைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சேலத்தில் மனு எழுதும் பணியில் இருப்போர்