கணினி வந்தால் ஓரத்தை வெட்டாதீர்கள்: டிவி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிவி தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் மெனுக்களை வடிவமைப்பவர்களுக்கும் வணக்கம்.

கோரிக்கை ஒன்றுதான். படத்தையும் ஒலியையும் கடத்தும் ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஒரு கணினி இணைக்கப்பட்டால், படத்தின் ஓரத்தை வெட்டாமல், கூர்மையேற்றாமல், நிறத்தைக் குறைக்காமல், வந்ததை வந்தபடியே காட்டுங்கள். பயனர் மெனுவுக்குள் நுழைந்து தேடிப் பிடித்து மாற்றட்டும் என்று விடாதீர்கள். பெட்டியைப் பிரித்து வைத்த முதல் நாளிலிருந்தே அப்படி இருக்கட்டும்.

உறவினர்கள், நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள் என்று பலருக்கும் கணினியை டிவியோடு இணைத்துக் கொடுத்துவருகிறேன். காதில் விழும் புகார்கள் மாறுவதே இல்லை. "கீழே கடிகாரத்தைக் காணோம்." "விண்டோவை மூடும் பெருக்கல் குறி பாதிதான் தெரிகிறது." "எழுத்தெல்லாம் கலங்கலாக இருக்கிறது, கண் வலிக்கிறது." "கறுப்பு சாம்பல் மாதிரி இருக்கிறது." சொல்பவர்கள் கேபிளைச் சந்தேகித்துப் புதிது வாங்குகிறார்கள். கணினியைச் சந்தேகித்து திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். டிவியைச் சந்தேகிப்பவர்கள் அபூர்வம். சினிமா பார்க்கும்போது அதில் எந்தக் குறையும் தெரியவில்லையே!

ஓரத்தை வெட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். படக்குழாய் டிவியில் படத்தின் அளவு ஒரே நிலையில் நிற்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படமும் விரியும், சுருங்கும். குழாய்க்கு வயதானால் ஓரம் கோணும். அது கண்ணில் படாமலிருக்க, படத்தைச் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழியவிட்டார்கள். ஒளிபரப்பாளர்களும் அதைக் கணக்கில் வைத்து எழுத்துகளை உள்ளே தள்ளியே போட்டார்கள். அன்றைக்கு அது நல்ல தீர்வு. இன்றைய தட்டைத் திரையில் 1920 பிக்சல் (படப்புள்ளி) அகலமுள்ள படம் 1920 பிக்சலில் அச்சாகப் பொருந்துகிறது. மறைக்க வேண்டிய கோணல் எதுவும் இல்லை. அப்படியும் 'ஓவர்ஸ்கேன்' என்ற இந்த ஓரவெட்டு பல டிவிகளில் இன்னமும் இயல்பிருப்பாக இயங்குகிறது.

அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஓரத்திலும் இரண்டரை சதவீதம் வெட்டினால், 1920-க்கு 1080 படத்தில் இடமும் வலமும் 48 பிக்சல், மேலும் கீழும் 27 பிக்சல் போய்விடும். விண்டோஸ் 11-இன் பணிப்பட்டை வழக்கமான அளவில் 48 பிக்சல் உயரம். அதில் பாதிக்கு மேல் காலி. எக்செல் தாளை முழுத்திரையில் விரித்தால் இடப்பக்கத்து வரிசை எண்கள் மொத்தமாக மறைந்துவிடும். சினிமாவில் ஓரம் போனால் யாருக்கும் தெரியாது. கணினியிலோ கைக்கு வேண்டியதெல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது.

இழப்பு ஓரத்தோடு நிற்பதும் இல்லை. மிஞ்சிய 1824-க்கு 1026 பிக்சலை மறுபடி முழுத்திரைக்கு இழுக்கிறீர்கள். ஒரு பிக்சல் 1.05 பிக்சலாகிறது. பிக்சலைப் பாதியாக வெட்ட முடியாதே, அதனால் பக்கத்துப் பிக்சலோடு கலந்து பூசவேண்டியிருக்கிறது. ஒரு பிக்சல் அகலமுள்ள எழுத்தின் கோடு இப்படித்தான் கலங்குகிறது. இதைக் கணினிப் பக்கம் சரிசெய்யப் போனால் இன்னும் கெடும். கிராபிக்ஸ் டிரைவரில் ஸ்கேலிங்கை, அதாவது படத்தின் அளவை, குறைத்தால் மேசைத்திரை முழுதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கணினி ஒரு தடவை சுருக்க, டிவி அதையே மறுபடி பெரிதாக்க, எழுத்து இரண்டு முறை அடிபடுகிறது. முழுப் படமும் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில் பலர் அந்தக் கலங்கல் எழுத்தோடு வருடக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

சரியான இடம் டிவி மெனுதான். ஆனால் அங்கே எதைத் தேடச் சொல்வது? எல்ஜியில் அது 'ஜஸ்ட் ஸ்கேன்'. சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்'. சோனியில் 'ஃபுல் பிக்சல்'. ஷார்ப்பில் 'டாட் பை டாட்'. பிலிப்ஸில் 'அன்ஸ்கேல்டு'. செய்வது ஒரே வேலை. தொலைபேசியில் ஒருவருக்கு வழிசொல்ல வேண்டுமென்றால், முதலில் அவர் வீட்டு டிவியின் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் பேச்சையே தொடங்கவேண்டியிருக்கிறது. உட்கார்ந்து பேசி எல்லாரும் ஒரே பெயருக்கு வாருங்கள்.

அடுத்தது நிறம். பல டிவிகள் வந்த படத்தின் நிறத் தகவலை உள்ளுக்குள் 4:2:0 அல்லது 4:2:2 என்ற முறைக்குக் குறைத்துத்தான் கையாளுகின்றன. 4:2:0 முறையில் நான்கு பிக்சலுக்கும் வெளிச்சம் தனித்தனி, நிறம் மட்டும் நான்குக்கும் சேர்த்து ஒன்று. முகமும் வானமும் காட்டும்போது கண் அதைக் கவனிக்காது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள்: கோடுகள் கசிந்து, எழுத்தின் உள்வளைவு அடைத்துக்கொண்டு, படிக்கவே முடியாது. இதற்கும் பல மாடல்களில் மருந்து இருக்கிறது. அந்த ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் 4:4:4, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம், முழுதாக வரும். உள்ளீட்டுக்குப் பெயர் வைப்பது அடையாளத்துக்கு என்றுதானே எவரும் நினைப்பார்? பெயரை மாற்றினால் படத்தைக் கையாளும் விதமே மாறும் என்று அந்த மெனுவில் ஒரு வரிகூட இல்லை.

கறுப்பு சாம்பலாவதற்குக் காரணம் வேறு. வெளிச்சத்தை எண்ணால் குறிக்கும்போது, கணினி உலகில் கறுப்பு 0, வெள்ளை 255. வீடியோ உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. ஒரு பக்கம் ஒன்றை அனுப்பி மறுபக்கம் மற்றொன்றை எதிர்பார்த்தால் படம் வெளுக்கும், அல்லது இருட்டான இடங்கள் மொத்தமாக மூழ்கும். மெனுவில் 'பிளாக் லெவல்' என்று எழுதி 'லோ', 'நார்மல்' என்று இரண்டு தேர்வு தருகிறீர்கள். எது எந்த எண்ணுக்கு என்று பக்கத்திலேயே போட்டால் என்ன?

4கே டிவி வாங்கியவர்களுக்கு இன்னொரு தொல்லை. கணினி 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 படம்) மேல் போகமாட்டேன் என்கிறது, மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4 பதிப்புக்கு 4கே படத்தில் அதுதான் எல்லை. 2013-இல் வந்த 2.0, நொடிக்கு 18 கிகாபிட் வேகத்தில் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு கடத்தும். டிவியில் அந்த வசதி இருந்தும் 'இன்புட் சிக்னல் பிளஸ்', 'டீப் கலர்', 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' போன்ற பெயர்களுக்குப் பின்னால் அணைந்து கிடக்கிறது. பழைய கருவிகள் குழம்பிவிடக்கூடாது என்ற உங்கள் எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் வேகமான கணினி ஒன்று வந்திருப்பது தெரிந்தவுடன் திரையில் ஒரு கேள்வி கேட்கலாம். எந்தத் துளையில் எவ்வளவு வேகம் என்பதையும் துளைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். '2.1' என்று வெறும் பதிப்பு எண்ணைப் போடுவது போதாது, ஏனென்றால் 2.1-இன் புதிய வசதிகள் எல்லாமே தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு உட்பட்டவை.

இதோடு ஒரு சிறிய விஷயம். கேபிளைச் செருகியதும் டிவி தன்னைப் பற்றிய விவரங்களைக் கணினிக்கு அனுப்புகிறது. ஈடிஐடி என்பது அதுதான். அதில் திரையின் நீள அகலமும் உண்டு. சில டிவிகள் அங்கே உண்மையான அளவைத் தராமல் 160-க்கு 90 மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்புகின்றன, அதாவது 16:9 என்ற விகிதத்தையே அளவாகப் போட்டுவிடுகிறார்கள். சுவரை அடைக்கும் திரையைக் கைபேசித் திரை என்று நம்பி, அந்த அளவைப் பார்த்து எழுத்தைத் தீர்மானிக்கும் கணினி, எழுத்துகளை ஊதிக் காட்டுகிறது. தொழிற்சாலையில் இரண்டு எண்களைச் சரியாக நிரப்பினால் தீர்ந்துபோகும் பிரச்சினை.

"வந்திருப்பது கணினி என்று டிவிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். அதற்கான இடம் ஹெச்டிஎம்ஐயின் தொழில்நுட்ப விதிகளிலேயே இருக்கிறது. படத்தோடு சேர்ந்து 'இன்ஃபோஃபிரேம்' என்ற சிறு தகவல் பொட்டலங்களும் வருகின்றன. அவற்றில் ஒன்றில், அனுப்பும் கருவியின் பெயருக்கும் வகைக்கும் இடம் உண்டு. வகைக்கு எண் இருக்கிறது: 1 என்றால் செட்டாப் பாக்ஸ், 2 என்றால் டிவிடி பிளேயர், 8 என்றால் விளையாட்டுக் கருவி, 9 என்றால் கணினி. இன்னொரு பொட்டலத்தில், இந்தப் படத்தின் ஓரத்தை வெட்டலாமா கூடாதா என்று சொல்ல இரண்டு பிட். இது கணினி உள்ளடக்கம் என்று சொல்ல ஒரு பிட். கறுப்பு 0-வா 16-ஆ என்று சொல்லவும் இரண்டு பிட். எல்லாக் கணினியும் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்புவதில்லை என்பது உண்மை. அதற்கு கிராபிக்ஸ் டிரைவர் எழுதுபவர்களும் பொறுப்பு. ஆனால் நிரப்பி அனுப்பும்போதாவது படித்து நடக்கலாமே. வாசலில் நின்று பெயர் சொல்பவரை உள்ளே விட்டுவிட்டு, பிறகு யார் என்று கேட்பதுபோல் இருக்கிறது இப்போதைய நிலை.

கணினியில் சினிமா பார்ப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு உங்கள் பட மெருகூட்டல் பிடித்திருக்கலாம். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. முதன்முறை கணினி இணையும்போது, 'வேலை செய்யவா, படம் பார்க்கவா?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'வேலை' என்றால் வெட்டு கிடையாது, நிறம் முழுதாக, செயற்கைக் கூர்மை அணைந்து, தாமதம் குறைந்து வரட்டும். நாலு மணி நேரம் ரிமோட்டைத் தொடவில்லை என்பதற்காக டிவி தானாக அணைந்துபோகவும் வேண்டாம். எதிரே ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுத் திரையோ புது சிப்போ வேண்டியதில்லை. இணையத்தோடு இணைந்த டிவிகளுக்கு நீங்கள் ஏற்கெனவே மென்பொருள் புதுப்பிப்புகள் அனுப்பிவருகிறீர்கள். விற்றுமுடிந்த மாடல்களையும் சேர்த்து, ஓவர்ஸ்கேன் மாற்றத்தை அடுத்த புதுப்பிப்பிலேயே அனுப்புங்கள். மாற்றக் குறிப்பில் 'செயல்திறன் மேம்பாடு' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், கணினி இணைத்தால் இனி ஓரம் வெட்டப்படாது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். எழுத்து கலங்குகிறது என்று என்னைக் கூப்பிடுபவர்களிடம் நான் அந்த வரியைக் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிவித் திரையில் தினமும் எழுத்தைப் படித்து வேலை செய்யும் ஒருவன்